திரும்பும் கம்பி

விற்கும்போது ரெமி சொன்னது:
எல்லாம் எரியும். எப்போதாவது
தட்ட வேண்டியிருக்கும்.

பதினெட்டு அடி. ஒற்றைப் பாய்மரம்.
தேங்காய்த்திட்டில், ஐஸ் லாரிகள் பின்வாங்கும் இடத்துக்கு அப்பால்,
விசைப்படகுகளுக்கு நடுவே
கல்யாண வீட்டுக்குத் தனியாக வந்தவள் மாதிரி
ஒதுக்கிக் கட்டியிருக்கிறேன்.

அணியத்தில் ஒரு கூடு:
இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை.
நேற்றிரவு முகத்துவாரத்தில் இரண்டும் போயின.
தட்டினேன்.
உள்ளங்கை வீங்கியதுதான் மிச்சம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பலகையைக் கழற்றினால்
அத்தனையும் கறுப்புக் கம்பி.
போவதும் கறுப்பு, வருவதும் கறுப்பு.
ஒன்றே ஒன்று மஞ்சள்,
அது எங்கேயும் போகவில்லை.
ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில்
சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம்.
ரெமி, நீ தூலோனில் முழுசாக இருப்பது
அந்தோணியார் தயவு.

"பாய்ல போறதுக்கு எதுக்குக்கா கரண்டு?"
பக்கத்து ஃபைபர் படகில்
வலைச் சிக்கு எடுத்துக்கொண்டு செங்கேணி.
"போறதுக்கு இல்ல. நீ வந்து இடிக்காம இருக்க."

பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி ஆறு.
கூட்டில், பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால்
பன்னிரண்டு புள்ளி நாலு.
பல்பு புதுசு. மாட்டினேன். இருட்டு.
மாட்டியபடியே மீட்டரை வைத்தேன்:
மூன்று புள்ளி எட்டு.

சும்மா கேட்டால் எல்லாம் இருக்கிறது என்கிறது,
வேலை கொடுத்தால் கையை விரிக்கிறது.
ஆபீசில் இந்த ரகத்தைப் பார்த்திருக்கிறேன்.
சில திங்கட்கிழமைகளில்
நானே இந்த ரகம்.

மூன்று மணி வரை
போகும் கம்பியையே துரத்தினேன்.
சுவிட்சைச் சுரண்டினேன்.
படுக்கைப் பலகைக்கு அடியில் தலைகீழாக,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு,
பெட்ரோல் வாடையில்,
யாருடையதோ ஒற்றைச் செருப்போடு.
பிறகு ஒரு சந்தேகம்.
பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நீளக் கம்பி ஒன்றை
வெளியே வெளியாகவே இழுத்துப்போய்
விளக்கின் காலில் தொட்டேன்.
சிவப்பு. பச்சை. பட்டப்பகலில்.

போகும் வழியில் பழுதில்லை.
திரும்பும் வழியில்.

தூலோனுக்கு வாய்ஸ் போட்டேன்:
நெகட்டிவ் எல்லாம் எங்கே சேருகிறது?
பின்னால் டிராம்பெட் மாதிரி ஏதோ ஊத, பதில் வந்தது:
"பாய்மரத்துக்குக் கீழ ஒரு டப்பா.
தட்டுங்க, எரியும்."

ஃபோட்டோ ஃபிலிம் டப்பா.
உள்ளே நாலு கம்பியை முறுக்கி, டேப் சுற்றி,
மிச்ச இடமெல்லாம் கடல்.
நீலப்பச்சைப் பொடி நகக்கண்ணில் ஒட்டியது.
களிம்பு செம்போடு பிறந்தது என்பார்கள் சைவர்கள்.
இது மூடி வழியாக வந்தது.

நறுக்கினேன். உள்ளே கறுப்பு.
இன்னொரு விரற்கடை. கறுப்பு.
ஒரு சாண் போன பிறகுதான்
பல் முளைக்காத ஈறு மாதிரி
செம்பு.
லைட்டரைக் காற்று மூன்று முறை அணைத்தது.
குனிந்து, முதுகால் மறைத்து,
உறையைச் சுட்டுச் சுருக்கினேன்.

அந்தியில் செங்கேணி படகை எடுத்தான்.
பாதி ஆற்றிலிருந்து போன்:
"பச்சை தெரியுது. சிவப்பு செத்துடுச்சிக்கா."
"நீ நிக்கிற பக்கம் அப்படித்தான். சுத்தி வா."
மோட்டார் சத்தம் வளைந்தது.
"ரெண்டும் தெரியுது."
"அப்படின்னா உன்னப் பாத்து
நேரா வரேன்னு அர்த்தம்."
"கட்டிக் கெடக்குற படகு எங்க வரும்?"
சிரிப்பு விட்டு விட்டுக் கேட்டது.
"இப்ப சிவப்பு மட்டும்."

பின்விளக்கு இன்னும் சரியாகவில்லை.
உள்விளக்கைப் போட்டால்
அதுவும் லேசாக விழிக்கிறது,
வேறு யாரையோ கூப்பிட்டதற்கு.
அது அடுத்த ஞாயிறு.

கரையில் யாரும் பார்க்கவில்லை என்று
உறுதி செய்துகொண்டு
ஒரே ஒரு முறை
தட்டினேன்.